முகம் பளபளத்தது காளானாலா, க்ரீமாலா?

கேள்வி: எனக்கு வயது 39. பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். பள்ளி அலுவலகத்தில் வேலை, தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு விழுந்தது. முகமே களையிழந்து போயிற்று. என் நாத்தனார் கானோடெர்மா காளான் கேப்ஸ்யூல் விற்கிறார். "உள்ளுக்குள்ள இருந்து சுத்தம் பண்ணும், முகம் தானாப் பளபளக்கும்" என்று சொல்லி மாதம் 3,500 ரூபாய்க்கு இரண்டு டப்பா கொடுத்தார். கூடவே, ராத்திரி பூசிக்கொள்ள ஒரு சின்ன வெள்ளை டப்பாவில் க்ரீம். அதில் பெயர், விலாசம் எதுவும் இல்லை. மூன்றே வாரத்தில் "என்ன, இவ்வளவு கலராயிட்டே?" என்று எல்லோரும் கேட்டார்கள். இப்போது மூன்று மாதம் ஆகிறது. வெயிலில் போனால் முகம் எரிகிறது. கன்னத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம், அரிப்பு. பூனைமுடி அதிகமான மாதிரி தெரிகிறது. க்ரீமை இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்துவிடுகிறது. நாத்தனாரிடம் கேட்டால், "உள்ள இருக்கிற கழிவு வெளிய வருது, டோஸைக் கூட்டு" என்கிறார். போன வருடம் ஸ்டென்ட் வைத்த என் மாமியாருக்கும் இதே கேப்ஸ்யூல் நடக்கிறது. "இது இருக்கும்போது அந்த மாத்திரையெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் பேச்சு கிளம்பியிருக்கிறது. இதையெல்லாம் தொடரலாமா? இன்னொன்று: எங்கள் தோப்பில் ஒரு தென்னையின் அடியில் இதே காளான் முளைத்திருப்பதாக மாமனார் சொல்கிறார். காயவைத்துப் பொடி பண்ணிக் குடித்தால் காசாவது மிச்சமாகுமே?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் மாமியாரிடமிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம்.

இதய ரத்தக் குழாயைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும் அதோடு இன்னொரு மாத்திரையும் கொடுப்பார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்டென்டுக்குள் கட்டியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த மாத்திரைகள்தான். இதய மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம், அது மாரடைப்பில் போய் முடியலாம். வீட்டில் யார் என்ன சொன்னாலும் அந்த மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நிறுத்த வேண்டியது கேப்ஸ்யூலை. கானோடெர்மாவுக்கும் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குணம் இருப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆரோக்கியமானவர்களுக்கு நாளைக்கு 1.5 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் ரத்தம் உறைவதில் மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் மாமியார் அந்த ஆட்களைப் போல மாத்திரை எதுவும் இல்லாத ஆரோக்கியசாலி இல்லையே. ஏற்கெனவே ரத்தத்தை இளக்கும் மருந்தில் இருப்பவர். அதன் மேல் இதையும் ஏற்றினால் ரத்தக்கசிவு வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, கறுப்பாக மலம், இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது அந்த டப்பாவையும் கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சரி, இப்போது உங்கள் முகம்.

உங்கள் கடிதத்தில் காளான் பற்றிப் பத்து வரி இருக்கிறது, க்ரீம் பற்றி ஒன்றிரண்டு வரிதான். எனக்கு அந்த ஒன்றிரண்டு வரிதான் கவலை தருகிறது. மூன்று வாரத்தில் நிறம் மாறியது, பிறகு வெயில் பட்டால் எரிச்சல், பொடிக் கொப்புளம், பூனைமுடி கூடியது, பூசாமல் விட்டால் சிவந்துபோவது. இந்த ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் தோல் மருத்துவர் எவருக்கும் முதலில் தோன்றுவது ஒரே காரணம்தான்: க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனால் இந்தச் சந்தேகத்தை உங்களிடம் சொல்லாமல் விடவும் கூடாது.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் பூசினால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், நிறமி உற்பத்தி குறையும், மேல்தோல் மெல்லியதாகும். பார்ப்பவர்களுக்கு முகம் வெளுத்து, வழவழப்பாக, மினுமினுப்பாகத் தெரியும். "கலராயிட்டே" என்று கேட்பது இந்தக் கட்டத்தில்தான். அப்புறம் மெலிந்துபோன தோலால் வெயிலைத் தாங்க முடியாது. உள்ளிருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாக வெளியே தெரியத் தொடங்கும். பரு கிளம்பும், முடி வளரும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும், அந்தப் பயத்திலேயே மறுபடி பூசுவோம். இந்தச் சுழலில் மாட்டிய பெண்கள் தோல் மருத்துவரிடம் வருவது நம் நாட்டில் அன்றாடக் காட்சி. அது இவ்வளவு பெருகியதால்தான், ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018இல் சேர்த்தது. சட்டம் வந்தும், பெயரில்லாத டப்பாக்களில் அது வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு, பாதரசம். சிவப்பழகு க்ரீம் என்ற பெயரில் விற்கப்பட்ட சிலவற்றில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்திருக்கிறது. நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்தில் 2021க்கும் 2023க்கும் இடையே சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலரைச் சிறுநீரக மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களில் பலருக்கும் பொதுவாக இருந்தது முகத்தில் பூசிய இப்படிப்பட்ட க்ரீம்கள்தான். சிறுநீரில் புரதம் போனது, கால் வீங்கியது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். நம் நாட்டு அழகுசாதன விதிகளின்படி முகப்பூச்சில் தெரியாமல் கலந்துவிடும் பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பெயரும் விலாசமும் இல்லாத டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று யாரைக் கேட்பது?

அதனால் இன்றிலிருந்து அந்தக் க்ரீம் வேண்டாம். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள், மூடிப் பத்திரமாக வைத்து, இந்த வாரமே தஞ்சாவூரிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே பார்க்கச் செலவும் இல்லை. நிறுத்திய பிறகு சில நாட்களில் முகம் நன்றாகவே சிவக்கும், எரியும், கொப்புளம் கூடும். சிலருக்கு இது வாரக்கணக்கில் நீடிக்கும். "ஐயோ, நிறுத்தியதால்தான் இப்படி ஆச்சு" என்று மறுபடி தொட்டுவிடாதீர்கள். அந்த இடைக்காலத்தைச் சமாளிக்க மருத்துவரிடம் வேறு மருந்துகள் இருக்கின்றன. அதுவரை வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், மெல்லிய சோப்பு, ஈரத்துணி ஒத்தடம், இவ்வளவு போதும். மஞ்சள், எலுமிச்சை, கடலை மாவு, ஸ்க்ரப் என்று எதையும் இப்போது முகத்தில் போட வேண்டாம். மெலிந்த தோலுக்கு எல்லாமே காரம்தான். கூடவே ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை செய்து, புரதம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். காலையில் சிறுநீர் நுரைத்துப் போகிறதா, கணுக்கால் வீங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

"கழிவு வெளியே வருது" என்ற பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். உடம்பின் கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் குடலும் செய்கின்றன. கன்னத்தில் வரும் கொப்புளம் வழியாக எந்த நச்சும் வெளியேறுவதில்லை. ஒரு பொருளைச் சாப்பிட்டோ பூசியோ தோல் அரித்தால், எரிந்தால், தடித்தால், அந்தப் பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பொருள். அதையே "வேலை செய்வதற்கு அடையாளம்" என்று திருப்பிச் சொல்லி, "டோஸைக் கூட்டு" என்று வேறு சொன்னால், எச்சரிக்கை கொடுத்த உடம்பின் வாயை அடைத்தது போல ஆகிவிடும். உதடோ கண்ணிமையோ வீங்கினாலும், மூச்சு இரைத்தாலும், கண்ணில் மஞ்சள் தட்டினாலும், காய்ச்சலோடு தோல் வலித்தாலும், வாயில் புண் வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

காளானாலேயே தோலில் தடிப்பு வரும் என்பதற்கு ஒரு வினோதமான உதாரணம் உண்டு. ஷிட்டேக்கே என்ற ஜப்பானியக் காளானைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்ட சிலருக்கு, ஓரிரு நாளில் முதுகிலும் வயிற்றிலும் கைகளிலும் சாட்டையால் அடித்த மாதிரி நீளநீளமாகச் சிவந்த கோடுகள் கிளம்பும். அரிப்பு தாங்காது. பார்த்தால் யாரோ அடித்துவிட்டார்கள் என்றே நினைக்கத் தோன்றும். ஜப்பானில் 1977இல் இதை முதலில் எழுதிவைத்தார்கள். அந்தக் காளானில் உள்ள லென்டினான் என்ற சர்க்கரைப் பொருள்தான் காரணம் என்று கருதப்படுகிறது. நன்றாக வேகவைத்தால் அது சிதைந்துவிடும், பெரும்பாலும் தொந்தரவு இல்லை. உங்களுக்கு வந்திருப்பது இது இல்லை. ஷிட்டேக்கே இப்போது நம் ஊர் பெரிய கடைகளிலும் உலர்த்திய பாக்கெட்டாகக் கிடைப்பதால் சொல்லிவைக்கிறேன்.

இனி நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி: காளான் மாத்திரை முகத்துக்குப் பொலிவு தருமா?

இருக்கிறதை இருக்கிறபடி சொல்கிறேன். கானோடெர்மாவை, அதாவது ரெய்ஷியை, சீனாவில் பல நூறு ஆண்டுகளாக மருந்தாகப் போற்றி வருகிறார்கள். அதில் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தும், கசப்பைத் தரும் டிரைடெர்பீன்களும் இருக்கின்றன. கண்ணாடிக் குப்பியில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் அவை வீக்கத்தைக் குறைப்பதையும் நிறமியைக் குறைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கானோடெர்மா கேப்ஸ்யூலைச் சாப்பிட்ட பெண்களுக்கு மங்கு மறைந்தது, முகம் பொலிந்தது என்று காட்டும் நம்பகமான, பெரிய அளவிலான மனித ஆய்வு இல்லை. வேறு நோய்களுக்கும் நிலைமை பெரிதாக வேறு இல்லை. சர்க்கரை நோயாளிகளின் இதய ஆபத்தைக் குறைக்குமா என்று 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஐந்து ஆய்வுகள், 398 பேர். பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள்.

"நிறமியைக் குறைக்கும்" என்ற விளம்பர வரி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். கடையில் வாங்கும் மொட்டுக் காளானை நறுக்கி அப்படியே தட்டில் விட்டுப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்த வெட்டுவாய் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும். அதைச் செய்வது டைரோசினேஸ் என்ற நொதி. நம் தோலில் மெலனின் நிறமி உண்டாவதற்கும் இதே வகை நொதிதான் முதல் படி. மனிதத் தோலிலிருந்து அந்த நொதியை எடுப்பது சிரமம், மொட்டுக் காளானிலிருந்து எடுப்பது சுலபம், மலிவு. அதனால் சிவப்பழகுப் பொருள்களின் முதல்கட்டச் சோதனைகள் பெரும்பாலும் காளான் நொதியில்தான் நடக்கின்றன. ஒரு சாறு அந்தப் பழுப்பைத் தடுத்தால் போதும், "டைரோசினேஸைத் தடுக்கிறது, அறிவியல்பூர்வமாக நிரூபணமானது" என்று டப்பாவில் அச்சாகிவிடும். ஆனால் காளானின் நொதியும் மனிதனின் நொதியும் அப்படியே ஒன்று இல்லை. காளான் நொதியை அடக்கிப்போடும் கோஜிக் அமிலமே மனித நொதியிடம் அவ்வளவு திறமை காட்டுவதில்லை என்று பிறகு தெரிந்தது. நீங்கள் விழுங்கும் கேப்ஸ்யூலோ வயிற்றில் செரித்து, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தில் கலந்து, கன்னத்துத் தோலின் அடியில் இருக்கும் நிறமிச் செல்வரை போய்ச் சேர வேண்டும். தட்டில் நடந்த வித்தை அங்கேயும் நடக்கும் என்று எதை வைத்து நம்புவது?

சீனர்கள் இனிப்புச் சூப்பில் போடும் வெள்ளை டிரெமெல்லா காளானைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். அதன் பசைப்பொருள் நீரைப் பிடித்துவைக்கும், க்ரீமில் சேர்த்துப் பூசினால் தோல் ஈரமாக இருக்கும். அது வெளியே பூசும்போது கிடைக்கிற பலன். காளானில் இருக்கும் எர்கோதியோனீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளில்தான் எனக்கு ஓரளவு ஆர்வம் உண்டு. நம் உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ள நம் உடம்பில் தனியாக ஒரு கடத்தி இருப்பதை 2005இல் கண்டுபிடித்தார்கள். காளான்களில் அது நிறைய இருக்கிறது, சமைத்தாலும் பெரிதாக வீணாவதில்லை. தோலுக்கு அதனால் என்ன பயன் என்ற ஆராய்ச்சி இன்னும் இளசு. ஆனால் அதைப் பெற 3,500 ரூபாய் தேவையில்லை. நம் ஊர் சிப்பிக் காளானிலேயே தாராளமாக இருக்கிறது.

கேப்ஸ்யூலுக்குள் இருப்பது டப்பாவில் எழுதியதுதானா என்பது தனிக் கேள்வி. அமெரிக்கச் சந்தையில் விற்ற 19 ரெய்ஷி தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் ஒரு ஆய்வு வெளியானது. லேபிளில் சொன்னதோடு ஒத்துப்போனவை வெறும் 5. நம் நாட்டில் சத்துமாத்திரை வகையில் விற்கும் எதிலும் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சிட்டே ஆக வேண்டும். உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வரியைப் போட்டுவிட்டு, வாய்வழியாக மட்டும் மங்கு முதல் சர்க்கரை வரை குணமாகும் என்று விற்பதுதான் இந்த வியாபாரத்தின் வழக்கம்.

தீங்கே இல்லையா என்றால், பெரும்பாலோருக்கு வயிற்று உபாதை, வாய் வறட்சி, அரிப்பு என்ற அளவோடு போய்விடும். ஆனால் ரெய்ஷியைப் பொடியாக எடுத்துக்கொண்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் பதிவுகள் இருக்கின்றன. தாய்லாந்தில் உயிரே போயிருக்கிறது. டப்பாவில் "சாகா" என்ற இன்னொரு காளானின் பெயர் இருந்தால் இன்னும் கவனம். அதில் சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பு மிக அதிகம். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவர் சாகா பொடியைத் தினமும் நான்கைந்து தேக்கரண்டி வீதம் ஆறு மாதம் சாப்பிட்டு, சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போனது மருத்துவ இதழில் வந்திருக்கிறது. மூன்று மாதம் நீங்கள் சாப்பிட்டிருப்பதால், சிறுநீர்ப் பரிசோதனையோடு கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனைகளும் ஒரு முறை செய்துகொள்வது நல்லது. மாமியாருக்கும் அப்படியே.

காளான் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை, விருப்பம்தான். சிப்பிக் காளானும் பால் காளானும் நம் மண்ணுக்கு நன்றாக ஒத்துவந்தவை. பால் காளான் நம் வெப்பத்திலும் தாராளமாக விளையும், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதற்கென்று ரகமே வெளியிட்டிருக்கிறது. புரதம், நார், பி வைட்டமின்கள், செலினியம் எல்லாம் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மிளகு போட்டு வறுவலோ, தேங்காய் அரைத்துக் குழம்போ செய்யுங்கள், வீடே சாப்பிடும். ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள்: சமைப்பதற்கு முன் நறுக்கித் தட்டில் பரப்பி, நடுப்பகல் வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். காளானில் உள்ள எர்கோஸ்டெரால் வெயில் பட்டால் வைட்டமின் டி-ஆக மாறும். நம்மை வெயிலில் நிற்கவைக்காமல் காளானை நிற்கவைத்து வைட்டமின் எடுக்கலாம். மங்கு இருக்கிற உங்களுக்கு இது ரொம்பவே பொருத்தம்.

ஏனென்றால் மங்குக்கு முதல் எதிரி வெயில்தான். கர்ப்ப காலத்து ஹார்மோன் விதை போட்டது, தினசரி ஸ்கூட்டிப் பயணம் அதை வளர்த்துக்கொண்டிருக்கிறது. புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் நம் போன்ற மாநிறத் தோலில் மங்கைக் கூட்டும். வெள்ளையாகப் பூசும் சன்ஸ்கிரீன் பலவும் அந்த வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. தோல் நிறத்தில் வருகிற, இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் தடுக்கும். எஸ்.பி.எஃப் 30க்கு மேல் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு தொட்டுப் பூசினால் காசுக்குக் கேடு. காலையில் கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. முகம் மூடும் ஹெல்மெட், அதில் நிறம் ஏற்றிய கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. இப்போது எரிச்சலோடு இருக்கும் முகத்தில் எந்த சன்ஸ்கிரீன் தாங்கும் என்பதை மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்டீராய்டுப் பாதிப்பு அடங்கிய பிறகுதான் மங்குக்கு மருந்து. அசலேயிக் அமிலம், ஹைட்ரோகுவினோன், சிலருக்கு டிரானெக்சாமிக் அமில மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை இது. மங்குக்கு எழுதும் மூன்று மருந்துக் கலவைக் களிம்பிலேயே ஸ்டீராய்டு இருக்கிறது, அதைச் சில வாரங்கள் மட்டும் பூசிவிட்டு நிறுத்தத் தெரிய வேண்டும். டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்கும் முன் ரத்தம் உறையும் தொந்தரவு குடும்பத்தில் உண்டா என்று கேட்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் மங்கைத் தூண்டும். மாற்றம் தெரிய மாதங்கள் ஆகும், மழைக்காலத்தில் குறைந்து கோடையில் எட்டிப்பார்க்கும். மூன்று வாரத்தில் மங்கை மாயமாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் அவரிடம் வாங்காதீர்கள்.

"களையிழந்து போயிற்று" என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு மங்கு மட்டும் காரணமாக இருக்காது. ரத்தச்சோகையைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. மாதவிலக்கில் அதிக ரத்தம் போகிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, முடி கொட்டுகிறதா? ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடலாம், அரசு மருத்துவமனையில் இலவசம். ஹீமோகுளோபின் 8இல் இருக்கிற பெண்ணுக்கு எந்தக் காளானும் பொலிவு தராது. இரும்புச்சத்து மாத்திரை தரும்.

நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். தன் அம்மாவுக்கே கொடுக்கிறார் என்றால் அவர் அதை மனதார நம்புகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு மேலே இருக்கிற யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறார். அதனால் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். "அம்மாவுக்கு ரத்தக்கசிவு வரலாம்னு டாக்டர் பயப்படுறாங்க, இதய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அந்தக் க்ரீமை அவரும் பூசுகிறாரா என்று கேளுங்கள், பூசினால் அவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும். அவரிடம் வாங்கிய மற்ற பெண்களுக்கும் அவர் வாயாலேயே செய்தி போனால் இன்னும் நல்லது.

கடைசியாகத் தென்னை மரத்துக் காளான். மாமனார் பார்த்ததில் தப்பில்லை. மரத்தின் அடியில், மண்ணை ஒட்டி, கட்டையாக, அரைவட்டத்தில், மேலே அரக்கு நிறத்தில் பளபளவென்று, ஓரம் மட்டும் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தால் அது கானோடெர்மா இனமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பொடி பண்ணிக் குடிக்கக் கூடாது. அந்த இனத்தில் பார்க்க ஒன்று போலவே இருக்கும் வகைகள் பல, கண்ணால் பிரிப்பது நிபுணர்களுக்கே கஷ்டம். காளான்கள் மண்ணில் இருக்கும் உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். தென்னந்தோப்பில் வேரில் கட்டும் பூஞ்சைக்கொல்லியும், ஊற்றும் போர்டோ கலவையின் செம்பும் அதில் ஏறியிருக்கலாம்.

அதைவிட முக்கியம், அந்தக் காளான் உங்கள் தோப்புக்கு வந்த நோய். தஞ்சாவூர் வாடல் நோய் என்று 1952இலிருந்து உங்கள் மாவட்டத்தின் பெயராலேயே சொல்வது இதைத்தான். வேரை முதலில் அழுக வைக்கும். அடிமரத்தில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பாக நீர் வடியும், வெளிமட்டைகள் தொங்கும், குரும்பை கொட்டும். காளான் வெளியே தெரியும்போது பெரும்பாலும் அந்த மரம் பிழைக்கும் கட்டத்தைத் தாண்டியிருக்கும். ஆனால் பக்கத்து மரங்களைக் காப்பாற்றலாம். மாமனாரிடம் சொல்லி, அடுத்தடுத்த மரங்களின் அடியில் நீர் வடிகிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். நோய் பிடித்த மரத்துக்குப் பாய்ச்சும் தண்ணீர் மற்ற மரங்களுக்கு ஓடாதபடி சுற்றிலும் அகழி வெட்ட வேண்டும், செத்த மரத்தை வேரோடு தோண்டி எரிக்க வேண்டும், மிச்ச மரங்களுக்கு வேப்பம் புண்ணாக்கும், டிரைகோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் போட வேண்டும். எந்த மரத்துக்கு எவ்வளவு, வேரில் மருந்து கட்டலாமா என்பதை வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டால் சொல்வார்கள். அது உங்களுக்குப் பக்கம்தான்.